பிணவறை வாசலில் கேட்கும் கோரிக்கை: மாநில முதலமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு முதலமைச்சர்களுக்கு வணக்கம்.

நான் மதுரையில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். கறுப்புக் கோட்டுப் போட்டு 22 வருடம் ஆகிறது. மத்தியப் புலனாய்வு அமைப்பான சிபிஐ தங்கள் மாநிலத்துக்குள் வழக்குகளை விசாரிக்க முன்கூட்டியே கொடுத்திருந்த பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்ற மாநிலங்களின் முதலமைச்சர்களுக்கு, அதிலும் முதலாவதாக என் மாநிலத்தின் முதலமைச்சருக்கு, இதை எழுதுகிறேன். அந்த நாற்காலியில் எந்தக் கட்சி இருக்கிறது என்று பார்த்து எழுதவில்லை. இன்று இருப்பவருக்கும் நாளை வரப்போகிறவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், விசாரணைக்கு என்று அழைத்துப் போன ஓர் இளைஞன் மறுநாள் அரசு மருத்துவமனைப் பிணவறையில் கிடந்தான். எந்த ஊர், எந்தக் காவல் நிலையம் என்று இங்கே சொல்ல மாட்டேன், வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவனுடைய அம்மா பிணவறைக்கு எதிரே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். உடலை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கோட்டாட்சியர் பேசினார், டிஎஸ்பி பேசினார், உள்ளூர்க் கட்சிக்காரர்கள் மாறி மாறிப் பேசினார்கள். எல்லோருக்கும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "சிபிஐ விசாரணைன்னு எழுதிக் குடுங்க, வாங்கிக்கிறேன்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "வக்கீலம்மா, அவங்க வந்தா உண்மை வந்துரும்ல?" என்று கேட்டார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிபிஐ யாருக்குக் கீழே இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தன் பிள்ளையை அடித்தவர்களும் அதை விசாரிக்க வந்து நிற்பவர்களும் ஒரே சீருடையில் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அந்தச் சீருடைக்கு வெளியிலிருந்து யாராவது வர வேண்டும் என்றார்.

தமிழ்நாட்டில் சந்தேக மரணம் நடந்த எந்தப் பிணவறை வாசலுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், இந்தக் கோரிக்கைதான் முதலில் கேட்கும். எதிர்க்கட்சியில் இருக்கும்போது உங்கள் கட்சியும் இதையே கேட்டிருக்கிறது. மாநில உரிமை பற்றி நீங்கள் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த வேப்ப மரத்தடிதான் நினைவுக்கு வருகிறது. நீங்கள் பேசுவது தவறு என்பதால் அல்ல. உங்கள் பேச்சில் அந்த அம்மாவுக்கு இடமே இல்லை என்பதால்.

சட்டத்தைப் பொறுத்தவரை நான் உங்கள் பக்கம். அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

காவல் துறை அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஒரு மாநிலக் காவல் படையின் அதிகாரத்தை இன்னொரு மாநிலத்துக்குள் நீட்டும் உரிமை மத்தியப் பட்டியலின் 80ஆவது இனத்தில் உண்டு. ஆனால் அந்த மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் நீட்டக்கூடாது என்று அதே வரியிலேயே எழுதியிருக்கிறது. சிபிஐ நிற்பது 1946ஆம் ஆண்டின் டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்தின் மேல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், போர்த் தளவாடக் கொள்முதலில் நடந்த லஞ்சத்தைப் பிடிக்க 1941இல் தொடங்கிய ஒரு சிறு படைக்காகப் பிறகு இயற்றிய சட்டம் அது. சிபிஐ என்ற பெயரில் அமைப்பு உருவானது 1963 ஏப்ரல் 1 அன்று, உள்துறை அமைச்சகத்தின் ஒரு தீர்மானத்தின் மூலம். நாடாளுமன்றம் அதற்கென்று தனியாகச் சட்டம் இயற்றவில்லை. இந்தக் காரணத்தால்தான் 2013 நவம்பரில் கௌகாத்தி உயர் நீதிமன்றம் சிபிஐ அமைத்ததே செல்லாது என்றது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. அந்தத் தடையின் பலத்தில்தான் இன்றுவரை வண்டி ஓடுகிறது.

1946 சட்டத்தின் 6ஆவது பிரிவு மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பல மாநிலங்கள் இந்த ஒப்புதலை மொத்தமாக முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்தன. அதற்குப் பெயர்தான் பொது ஒப்புதல். அதைத் திரும்பப் பெற்றால் சிபிஐ மாநிலத்துக்குள் நுழையவே முடியாது என்று தொலைக்காட்சி விவாதங்களில் சொல்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாகக் கேட்டு வர வேண்டும், அவ்வளவுதான். கதவு இருக்கிறது, தட்டிவிட்டு வா என்பதுதான் இதன் பொருள். உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட்டால் உங்கள் ஒப்புதலே தேவையில்லை என்று 2010இல், மேற்கு வங்க அரசு தொடுத்த வழக்கிலேயே, ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொல்லிவிட்டது.

தட்டிவிட்டு வா என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கத்தான் வேண்டும். 2013இல் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமே சிபிஐயைக் கூண்டுக் கிளி என்றது. அப்போது டெல்லியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. கூண்டின் சாவி கை மாறியிருக்கிறது, கூண்டு அப்படியே இருக்கிறது. மத்திய அரசின் பணமோசடி விசாரணை அமைப்பான அமலாக்கத் துறை இன்னும் மோசம். பத்து ஆண்டுகளில் அரசியல்வாதிகள் மீது அது பதிந்த வழக்குகள் 193, தண்டனையில் முடிந்தவை 2. இது எதிர்க்கட்சிகள் சொன்ன கணக்கல்ல, 2025 மார்ச்சில் மத்திய நிதித் துறை இணை அமைச்சர் மாநிலங்களவையில் கொடுத்த பதில். 193 வழக்குகளைப் பதிந்து 2 வழக்குகளில் மட்டும் குற்றத்தை நிரூபித்த அமைப்பை ஒரு மாநில அரசு சந்தேகத்தோடு பார்ப்பதில் என்ன தவறு? நானும் அப்படித்தான் பார்க்கிறேன்.

சரி, பிறகு ஏன் இந்த மடல்?

நீங்கள் ஒப்புதலைத் திரும்பப் பெற்ற நாட்களைப் பாருங்கள். தமிழ்நாடு அதைச் செய்தது 2023 ஜூன் 14. 1989இலும் 1992இலும் கொடுத்திருந்த ஒப்புதல்கள் ஒரே நாளில் ரத்தாயின. அன்று அதிகாலையில்தான் அமைச்சர் செந்தில் பாலாஜியை அமலாக்கத் துறை கைது செய்திருந்தது. அமலாக்கத் துறைக்கு இந்த ஒப்புதலே தேவையில்லை. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு அது, 1946 சட்டத்தின் 6ஆவது பிரிவு அதைக் கட்டுப்படுத்தாது. கைது செய்தது ஒரு துறை, கதவை மூடியது இன்னொரு துறைக்கு. கர்நாடகத்தில் 2024 செப்டம்பர் 24 அன்று, முதலமைச்சர் சித்தராமையா மீது விசாரணைக்கு ஆளுநர் கொடுத்த அனுமதி செல்லும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 26ஆம் தேதி அமைச்சரவை கூடிப் பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சட்ட அமைச்சர் சொன்னார். இருக்கலாம். ஆனால் இரண்டு நாள் இடைவெளியைப் பார்த்த சாதாரண மனிதருக்கு அதை எப்படிப் புரியவைப்பீர்கள்?

இது புதிய பழக்கமும் இல்லை. சிக்கிம் முதலமைச்சராக இருந்த நர் பகதூர் பண்டாரி மீது 1984இல் சிபிஐ வழக்குப் பதிந்தது. அவர் தேர்தலில் வென்று மறுபடி முதலமைச்சரானார். 1987இல் அவருடைய அரசு ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. விசாரணை அப்படியே கிடந்தது. 1994இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, திரும்பப் பெறுவது இனிமேல் வரும் வழக்குகளுக்குத்தான், ஏற்கெனவே நடக்கிற விசாரணையை அது நிறுத்தாது என்று சொன்ன பிறகே அந்த வழக்கு நகர்ந்தது. மாநில உரிமைக்காகக் கட்டிய மதில் ஒருவருடைய வீட்டுக்கு வேலியான கதை அது. எங்கள் நீதிமன்றங்களில் இன்றும் அந்தத் தீர்ப்பை எடுத்து வாதாடுகிறோம்.

இதை விடவும் எனக்கு வருத்தமான விஷயம், இந்த உரிமை கூட்டணிக்கு ஏற்ப வருவதும் போவதும். ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு தேசிய ஜனநாயகக் கூட்டணியிலிருந்து வெளியேறிய 2018இல் ஒப்புதலைத் திரும்பப் பெற்றார். 2019இல் ஜெகன் மோகன் ரெட்டி பதவிக்கு வந்தவுடன் அதைத் திருப்பிக் கொடுத்தார். மகாராஷ்டிரத்தில் உத்தவ் தாக்கரே அரசு 2020 அக்டோபரில் எடுத்தது, ஷிண்டே அரசு 2022 அக்டோபரில் கொடுத்தது. ஏழாவது அட்டவணை இந்த ஆண்டுகளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆட்சிக்கு ஆட்சி மாறும் ஒன்றை மக்களிடம் உரிமை என்று சொன்னால் எப்படி நம்புவார்கள்? பேரம் என்றுதான் நினைப்பார்கள்.

அப்புறம் கொல்கத்தா. 2019 பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை மாலை. சாரதா சிட்ஃபண்ட் வழக்கில் விசாரிக்க மாநகரக் காவல் ஆணையர் வீட்டுக்கு சிபிஐ குழு வந்தது. உள்ளே விடாமல் அவர்களையே ஜீப்பில் ஏற்றிக் காவல் நிலையத்துக்குக் கொண்டு போனது கொல்கத்தா போலீஸ். அன்றிரவே முதலமைச்சர் மம்தா பானர்ஜி எஸ்பிளனேடில் தர்ணாவில் உட்கார்ந்தார். அது மாநில உரிமைப் போராட்டமாக நாடெங்கும் பேசப்பட்டது. இங்கேயும் பலர் கை தட்டினார்கள். ஆனால் சாரதா வழக்கை சிபிஐயிடம் ஒப்படைத்தது 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம். மாநில ஒப்புதல் என்ற கேள்வியே அந்த வழக்கில் எழவில்லை. கடைசியில் ஆணையர் ஷில்லாங்குக்குப் போய் விசாரணையில் ஒத்துழைக்க வேண்டும், அவரைக் கைது செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு தரப்பும் வென்றதாக அறிவித்துக்கொண்டன. மாதம் நூறு இருநூறு என்று சாரதாவில் கட்டி எல்லாவற்றையும் இழந்த வங்காளத்துக் கூலிக்காரர்களையும் வீட்டு வேலை செய்யும் பெண்களையும் பற்றி அந்த மூன்று நாட்களில் யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

அதே மேற்கு வங்க அரசு செய்த இன்னொரு காரியத்தை நான் முழு மனதோடு பாராட்டுகிறேன். ஒப்புதலைத் திரும்பப் பெற்ற பிறகும் சிபிஐ வழக்குகள் பதிகிறது என்று அரசமைப்பின் 131ஆவது பிரிவின் கீழ் மத்திய அரசு மீது நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. சிபிஐ தனித்து இயங்கும் அமைப்பு, அதற்காக எங்கள் மீது வழக்கே போட முடியாது என்று மத்திய அரசு வாதிட்டது. 2024 ஜூலை 10 அன்று நீதிபதிகள் பி.ஆர். கவாயும் சந்தீப் மேத்தாவும் அந்த வாதத்தை ஏற்க மறுத்து, வழக்கு விசாரணைக்கு உகந்ததுதான் என்று தீர்ப்பளித்தார்கள். ஜீப்பில் ஏற்றிக் கொண்டு போன அந்த இரவு சாதிக்காததை இந்த ஒரு மனு சாதித்தது. எதிர்ப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

எங்கள் மாநிலத்திலும் இரண்டு மாதிரியும் நடந்திருக்கிறது. 2023 டிசம்பர் 1 அன்று, ஓர் அரசு மருத்துவரிடம் 20 லட்ச ரூபாய் லஞ்சம் வாங்கியதாக அமலாக்கத் துறை அதிகாரி ஒருவரைத் திண்டுக்கல்லில் நம் லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. லஞ்சம் வாங்குவது மத்திய அதிகாரி என்றாலும் குற்றம்தான், கைது செய்ததில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அன்றிரவு மதுரை அமலாக்கத் துறை அலுவலகத்துக்குள் நடந்த சோதனையும், வெளியே நின்ற மத்தியப் படையினரும் மாநிலப் போலீசாரும் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையும் எங்களுக்கு நல்ல அறிகுறியாகத் தெரியவில்லை. அந்த வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர்கள் அமைச்சரைப் பிடித்தால் நாங்கள் அதிகாரியைப் பிடிப்போம் என்று இது போகத் தொடங்கினால், நிஜமாகவே லஞ்சம் வாங்கியவன் இரண்டு பக்கத்திலும் தப்பித்துக்கொள்வான்.

மணல் வழக்கிலும் நாம் தடுமாறினோம். அமலாக்கத் துறை வேலூர், திருச்சி, கரூர், தஞ்சாவூர், அரியலூர் மாவட்ட ஆட்சியர்களுக்கு 2023 நவம்பரில் சம்மன் அனுப்பியது. மாநில அரசே ஆட்சியர்களுக்காக உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆட்சியர்கள் நேரில் போய்த்தான் ஆக வேண்டும் என்றது. ஆற்று மணல் அளவுக்கு மேல் அள்ளப்பட்டதா, இல்லையா? கொள்ளிடக் கரையிலும் பாலாற்றுக் கரையிலும் கிணறு வற்றிப் போனவர்களுக்கு இந்த ஒரு கேள்விதான் இருந்தது. அதற்குப் பதில் ஆட்சியர் அலுவலகக் கோப்புகளில் இருக்கிறது. அந்தக் கோப்புகளை மாநில அரசே முன்வந்து மக்கள் முன் வைத்திருந்தால், சம்மனை எதிர்க்கும் தார்மீக பலம் எங்களுக்கு இருந்திருக்கும்.

டாஸ்மாக் விவகாரம் வேறு மாதிரி. 2025 மார்ச்சில் மூன்று நாட்கள் தலைமை அலுவலகத்தில் அமலாக்கத் துறையின் சோதனை, ஊழியர்களை இரவிலும் அனுப்பாமல் வைத்திருந்தார்கள் என்ற புகார், கைப்பேசிகளிலிருந்து எடுத்த தகவல்கள். சென்னை உயர் நீதிமன்றம் ஏப்ரலில் மாநில அரசின் மனுவைத் தள்ளுபடி செய்தது. மே 22 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே தடை விதித்தது, அமலாக்கத் துறை எல்லை மீறுகிறது, கூட்டாட்சி அமைப்பை மீறுகிறது என்று அன்றைய தலைமை நீதிபதி கவாய் கண்டித்தார். அந்தக் கண்டிப்பை நாம் கொண்டாடினோம், நானும்தான். ஆனால் அந்த வழக்கின் அடிப்படையைப் பாருங்கள். 2014 முதல் 2021 வரை கடை ஊழியர்கள் மீது மாநில அரசே பதிந்திருந்த எஃப்ஐஆர்கள் 41 இருப்பதாக மாநில அரசின் வழக்கறிஞரே சொன்னார். அமலாக்கத் துறை தானாகப் பணமோசடி வழக்கு எதையும் தொடங்க முடியாது. வேறோர் அமைப்பு பதிந்த குற்றம் ஒன்று முதலில் இருக்க வேண்டும். நீங்கள் போடும் எஃப்ஐஆர்தான் பல நேரங்களில் அவர்கள் ஏறி வரும் படி.

இங்கேதான் எனக்குப் பெரிய பயம் இருக்கிறது. எஃப்ஐஆர் போட்டால் அமலாக்கத் துறை வந்துவிடும், எனவே போடாமலே இருந்துவிடலாம் என்ற எண்ணம் மாநிலத் தலைநகரங்களில் மெதுவாக வளர்கிறது. யாரும் இதை எழுத்தில் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஊழல் புகாரோடு போகும், என்னிடம் வழக்குக் கொடுத்திருப்பவர்களிடம் "மேலே கேட்டுட்டுச் சொல்றோம்" என்று சொல்லி மாதக்கணக்கில் மனுவை வைத்திருப்பதை நான் பார்க்கிறேன். மத்திய அமைப்புக்கு வாசல் திறக்கக்கூடாது என்பதற்காக மாநிலம் தன் சொந்த வாசலையும் சாத்திக்கொண்டால், புகார் கொடுக்கிறவன் எங்கே போவான்?

திரும்பவும் அந்த வேப்ப மரத்தடிக்கு வருகிறேன். அந்த அம்மாவின் கேள்விக்கு நான் சொன்ன பதில், "வந்தாலும் வரலாம்மா" என்பதுதான். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஏன் என்று நீங்களும் அறிவீர்கள். தூத்துக்குடியில் 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 17 காவல் துறையினர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. சிபிஐயின் குற்றப்பத்திரிகையில் போலீசார் தரப்பில் இருந்ததோ ஒரே ஓர் ஆய்வாளர். டெல்லியிலிருந்து வந்தார்கள் என்பதாலேயே நியாயம் கிடைத்துவிடாது.

ஆனால் சாத்தான்குளத்தை மறக்க முடியுமா? 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடிபட்டு அடுத்தடுத்து இறந்தபோது, அந்த நிலையத்தில் ஆதாரங்கள் அழிந்துவிடும் என்று பயந்து, அதை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் எங்கள் மதுரைக் கிளை. ஒரு காவல் நிலையத்தைக் காவல் துறையிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. பிறகு சிபிஐ வந்து ஒன்பது போலீசார் மீது கொலைக் குற்றம் சாட்டியது. மாநிலக் காவல் துறையே கடைசி வரை விசாரித்திருந்தால் அந்தப் பட்டியலில் எத்தனை பெயர் இருந்திருக்கும் என்று நான் இன்றும் யோசிக்கிறேன். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையும் விசாரித்தது சிபிஐதான்.

2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி போலீசாரின் அடியில் இறந்தபோது, பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்ற அதே தமிழ்நாடு அரசு தானே முன்வந்து வழக்கை சிபிஐக்குக் கொடுத்தது. அது சரியான முடிவு. அந்த முடிவில் ஓர் ஒப்புக்கொள்ளலும் இருக்கிறது: எங்கள் போலீசை எங்கள் போலீஸ் விசாரித்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது. கரூரில் 41 பேர் நெரிசலில் இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றமே அக்டோபரில் சிபிஐக்கு உத்தரவிட்டு, மேற்பார்வைக்கு முன்னாள் நீதிபதி அஜய் ரஸ்தோகி தலைமையில் ஒரு குழுவையும் வைத்தது. மாநில விசாரணையையும் முழுதாக நம்பவில்லை, சிபிஐயையும் தனியாக விட மனமில்லை. இந்த நிலைமைக்கு டெல்லி மட்டும் காரணம் அல்ல.

போலீஸ் மீதான புகாரை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உத்தரவிட்டது. தமிழ்நாடு 2013இல் சட்டம் கொண்டுவந்தது. மாநில ஆணையத்துக்கு யார் தலைவர்? உள்துறைச் செயலாளர். டிஜிபி உறுப்பினர். மாவட்ட அளவில் ஆட்சியர் தலைவர். யார் மீது புகாரோ அவருடைய மேலதிகாரியிடமே புகார் கொடு என்கிறது இந்தச் சட்டம். இரண்டு பெரிய கட்சிகளும் இதை மாற்ற அவசரப்படவில்லை. லஞ்ச ஒழிப்புத் துறையும் அப்படித்தான். ஆட்சி மாறினால் அதன் வேகமும் திசையும் மாறுகின்றன. 2023 ஆகஸ்டில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தாமாக முன்வந்து, இரண்டு கட்சிகளையும் சேர்ந்த இந்நாள், முன்னாள் அமைச்சர்களின் விடுவிப்பு உத்தரவுகளை மறு ஆய்வுக்கு எடுத்தது இதனால்தான். சிபிஐக்கு டெல்லியில் கூண்டு என்றால், இங்கே சென்னையிலும் ஒரு கூண்டு இருக்கிறது. அதை நாம்தான் கட்டினோம்.

எனவே உங்களிடம் நான் கேட்பது ஒப்புதலைத் திருப்பிக் கொடுங்கள் என்பதல்ல. கொடுக்காதீர்கள். நாளை உங்கள் கட்சி டெல்லியில் கூட்டணி சேர்ந்தாலும் கொடுக்காதீர்கள். ஆனால் அதை ஒரு நாள் இரவில் வரும் அரசாணையாக வைக்காமல், சட்டமன்றத்தில் விவாதித்து எழுதிய விதியாக மாற்றுங்கள். சிபிஐ ஒரு வழக்குக்கு ஒப்புதல் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்லி, அடுத்த கூட்டத்தொடரில் அவையில் வைக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அமைச்சராகவோ காவல் அதிகாரியாகவோ இருந்தால், அந்த முடிவை அமைச்சரவை எடுக்கக்கூடாது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி இருக்கும் ஒரு குழு எடுக்கட்டும். பாதிக்கப்பட்டவரின் குடும்பமே நேரடியாக அந்தக் குழுவிடம் மனுக் கொடுக்க வழி வேண்டும். இப்போது அவர்கள் ஒரு ரிட் மனுப் போட வேண்டுமென்றால் மதுரைக்கோ சென்னைக்கோ வந்து, என் மாதிரி ஒருவரைத் தேடிப் பிடித்து, கட்டணம் கட்ட நகையை அடகு வைக்க வேண்டியிருக்கிறது.

அமலாக்கத் துறை பணமோசடிச் சட்டத்தின் 66(2) பிரிவின் கீழ், தான் கண்டறிந்ததை மாநிலத்துக்குத் தகவலாக அனுப்பும்போதும் இதே நடைமுறை வேண்டும். தகவலில் குற்றம் தெரிந்தால் நாமே எஃப்ஐஆர் பதிந்து நாமே ஒழுங்காக விசாரிப்போம். தெரியவில்லை என்றால் ஏன் என்று எழுதி வெளியிடுவோம். கடிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பிறகு நீதிமன்றத்தில் கூட்டாட்சி பேசினால் எங்களைப் போன்றவர்களுக்கு வாதாடக் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் அரசு வழக்கறிஞர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கும் அப்படித்தான்.

கடைசியாக, 2013ஆம் ஆண்டின் அந்தக் காவல் சீர்திருத்தச் சட்டம். உள்துறைச் செயலாளரை அந்த ஆணையத்தின் தலைவர் பதவியிலிருந்து எடுத்துவிட்டு நீதிபதியை உட்காரவைக்க ஒரு சிறு திருத்தம் போதும். அந்த ஆணையத்துக்குச் சொந்தமாக விசாரணை அதிகாரிகள் வேண்டும். அவர்களுடைய பணிமாற்றமும் பதவி உயர்வும் டிஜிபி அலுவலகத்தின் கையில் இருக்கக்கூடாது. இதைச் செய்ய டெல்லியின் அனுமதி தேவையில்லை. ஆளுநர் இழுத்தடிப்பார் என்ற பேச்சு வரும். இழுத்தடிக்கட்டும், அதற்காகவும் நாம் உச்ச நீதிமன்றம் போகலாம். அப்படி ஒரு வழக்கு வந்தால் ஒரு ரூபாய் வாங்காமல் வந்து உதவ எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் பலர் இருக்கிறோம்.

நான் சொன்ன அந்த இளைஞனின் வழக்கை சிபிஐக்குக் கொடுக்கவில்லை. மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறையிடம் போனது. மூன்றாவது நாள் அந்த அம்மா உடலை வாங்கிக்கொண்டார். ஐஸ் பெட்டிக்கு வாடகை ஏறிக்கொண்டிருந்தது, ஊரில் பெரியவர்கள் சொன்னார்கள், வேறு வழி இருக்கவில்லை. வழக்கு இப்போது சாட்சி விசாரணையில் நிற்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் பேருந்தில் வந்துவிடுகிறார். போன வாய்தாவில் மூன்று சாட்சிகளில் ஒருவர்தான் வந்தார், அவரும் எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார். நீதிமன்ற வாசல் டீக்கடையில் அந்த அம்மா என்னிடம் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். அடுத்த வாய்தா அடுத்த மாதம்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு குற்றவியல் வழக்கறிஞர்